தொட்டிக்கரி: எங்க ஊர்ல இருந்து உங்க குழாய் வரைக்கும்

போன மாசம் சென்னையில தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, தண்ணி சுத்திகரிக்கிற மெஷினுக்கு சர்வீஸ் பண்ண ஒரு தம்பி வந்தார். வெள்ளை உருளை ஒண்ணைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டினார். பழசுக்குள்ள என்னப்பா இருக்குதுன்னு கேட்டேன். "கார்பன் சார்"னார். அதுக்கு மேல அவருக்கும் தெரியல, தங்கச்சிக்கும் தெரியல. உடைச்சுக் காட்டச் சொன்னேன். அரிசிக் குருணை மாதிரி கருகருன்னு கொட்டுச்சு. எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. தொட்டிக்கரி.

நீங்க கொட்டாங்குச்சின்னு சொல்றதை, தெக்கே சிரட்டைன்னு சொல்றதை, நாங்க தொட்டின்னு சொல்லுவோம். தேங்காய்த் தொட்டி. காங்கயம் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது களத்துல குமிஞ்சு கிடக்கிற பொருள். தேங்காயை உடைச்சு வெயில்ல காயப் போட்டு, கொப்பரையைத் தோண்டி எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது தொட்டி. அப்பாரு காலத்துல அது அடுப்பெரிக்க, அகப்பை செய்ய. மீதி இஸ்திரிப் பெட்டிக்குக் கரி. இன்னைக்கு அதே தொட்டி உலகத்துல எத்தனையோ பேர் குடிக்கிற தண்ணியைத் தொட்டுட்டு வருது. அது எப்படி அங்க போய்ச் சேர்ந்துச்சுங்கிற கதையைத் தான் எழுதப் போறேன். கதை முடியறப்ப எங்க ஊர்க் கிணத்துக்கே திரும்பி வந்துரும்.

செடி கொடியில இருந்து வர்றதை வச்சுத் தண்ணியைத் தெளிய வைக்கிறது நமக்குப் புதுசில்லை. எங்க ஆத்தா மண்பானையோட உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைச்சுட்டுத் தான் தண்ணி ஊத்தும். செம்மண் கலங்கல் காலையில அடியில படிஞ்சு கிடக்கும். கலித்தொகையிலேயே இந்தக் கொட்டையால தெளிஞ்ச நீர் உவமையா வருது. அவ்வளவு பழைய பழக்கம். ஆனா தேத்தாங்கொட்டை செய்யற வேலை வேற, கரி செய்யற வேலை வேற. கொட்டை, தண்ணியில மிதக்கிற மண்ணைக் கட்டி சேர்த்துக் கீழே உட்கார வைக்கும். கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சு நிக்கிற நாத்தத்தையும் நிறத்தையும் விஷத்தையும் அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குக் கரி வேணும். பள்ளிக்கூடப் புத்தகத்துல மணல், கரி, கூழாங்கல்னு பானை மேல பானை அடுக்கி வச்ச படம் போட்டிருப்பாங்களே, அதுல நடுப்பானை எதுக்குன்னு எங்க வாத்தியார் சொன்னதே இல்லை.

அந்த நடுப்பானையோட வேலை என்னன்னு முதல்ல சோதிச்சு எழுதி வச்சவர் ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல மருந்துக் கடைக்காரரா இருந்த டோபியாஸ் லோவிட்ஸ். வருஷம் 1785. டார்டாரிக் அமிலத்தைக் காய்ச்சிக் கற்கண்டு மாதிரிப் படிகமா எடுக்கப் பார்த்துட்டு இருந்தார். நம்ம புளியில புளிப்புக்குக் காரணமான அதே அமிலம் தான். காய்ச்சக் காய்ச்சக் கரைசல் பழுப்பாகிட்டே இருந்துச்சு. கரித்தூள் கலந்தா அந்தப் பழுப்பு போயிருதுன்னு கண்டுபிடிச்சார். அதோட விடாம வினிகர், தேன், சாராயம்னு கையில கிடைச்சதுல எல்லாம் கரியைப் போட்டுப் பார்த்தார். அழுகின தண்ணியிலயும் போட்டார், நாத்தம் போச்சு. மாசக்கணக்குல கடல்ல போற கப்பல்காரங்களுக்கு இது பெரிய விஷயம். மரப்பீப்பாய்ல தண்ணி அழுகாம இருக்க, பீப்பாயோட உள்பக்கத்தைத் தீயில கருக்கி எடுக்கிற வழக்கமும் அந்தக் காலத்துலயே வந்துச்சு.

ஆனா கரியை முதல்ல மூட்டை மூட்டையா வாங்கினது தண்ணிக்காரங்க இல்ல, சர்க்கரை ஆலைக்காரங்க. பழுப்புச் சர்க்கரையை வெள்ளையாக்க அவங்களுக்குக் கரி வேணும். 1811ல பிரான்ஸ்ல ஃபிகியேங்கிறவர் மரக்கரியை விட எலும்புக்கரி இன்னும் நல்லா வெளுக்குதுன்னு காட்டினதும் ஆலைகள் எலும்புக்குத் தாவிருச்சு. மரமும் தொட்டியும் இன்னும் நூறு வருஷம் காத்திருக்க வேண்டியதாச்சு.

கரி எப்படி வேலை செய்யுது? உறிஞ்சுக்குதுன்னு சாதாரணமாச் சொல்லிருவோம். பஞ்சு தண்ணியை உறிஞ்சற மாதிரி இல்ல இது. கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி பொந்து. கரைஞ்சு வர்ற பொருள் அந்தப் பொந்துச் சுவர்ல போய் ஒட்டிக்குது. பாடப் புத்தகத் தமிழ்ல பரப்புக் கவர்தல்னு பேரு. எத்தனை பொந்தோ அத்தனை சுவர், எத்தனை சுவரோ அத்தனை பிடிமானம். நல்லாப் பதப்படுத்தின தொட்டிக்கரியில ஒரு கிராமுக்குள்ள இருக்கிற சுவரையெல்லாம் விரிச்சுப் போட்டா சுமாரா 1,000 சதுர மீட்டர் வரும். நான் காட்டுக்காரன், எனக்கு மீட்டர்ல சொன்னா மண்டையில ஏறாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் ஏக்கர்! ஒரு கிராம் கரிக்குள்ள கால் ஏக்கர் பூமி. உங்க மெஷின்ல இருக்கிற சின்ன உருளைக்குள்ள எங்க ஊரே அடங்கிரும்.

சாதாரண அடுப்புக்கரியில இவ்வளவு சுவர் கிடையாது. சுட்ட கரியை மறுபடியும் 900, 1,000 டிகிரி சூட்டுல வச்சு நீராவியைச் செலுத்தணும். அப்பத் தான் அடைச்சுக் கிடக்கிற பொந்தெல்லாம் திறந்துக்கும். இந்த வித்தைக்கு 1900, 1901ல காப்புரிமை வாங்கினவர் ரஃபேல் ஆஸ்ட்ரெய்கோ. ஆக்டிவேட்டட் கார்பன்னு இன்னைக்கு விக்கிற சரக்குக்கு அடிப்படை அது தான்.

அதுக்கப்புறம் தொட்டியை உலகச் சந்தைக்கு இழுத்துட்டுப் போனது தண்ணி இல்ல, போர். 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்துல ஈப்ர நகரத்துக்கிட்ட ஜெர்மன் ராணுவம் குளோரின் வாயுவைத் திறந்து விட்டுச்சு. கரியை மூக்குல கட்டினா கெட்ட காத்தை வடிகட்டலாம்னு லண்டன்ல ஜான் ஸ்டென்ஹவுஸ் 1854லேயே முகமூடி செஞ்சு காட்டியிருந்தார். இப்ப லட்சக்கணக்குல முகமூடி தேவை. ரஷ்யாவுல ஜெலின்ஸ்கி மரக்கரியை வச்சு முகமூடி செஞ்சார். அமெரிக்காக்காரங்க எதை எதையோ சுட்டுப் பார்த்துட்டு, தேங்காய்த் தொட்டிக்கு இணை எதுவும் இல்லைன்னு முடிவுக்கு வந்தாங்க. காரணம், தொட்டி கெட்டி. மரக்கரி மாதிரி பொடிஞ்சு போகாது. அதோட பொந்துகளும் ரொம்ப ரொம்பச் சின்னது. வாயு சிக்கினா வெளிய வராது.

ஆனா அவங்க ஊர்ல தென்னை ஏது? அதனால 1918ல பீச் பழக்கொட்டை, பேரீச்சங்கொட்டை, வால்நட் ஓடுன்னு எல்லாத்தையும் சேர்த்துக் கொடுங்கன்னு நாடு முழுக்க விளம்பரம். கடை வாசல்ல பீப்பாய் வச்சாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வீடு வீடாப் போய் வாங்கினாங்க. ஒரு முகமூடிக்கு ஏழு பவுண்டு கொட்டை வேணும்னு சொல்லிச் சேர்த்தாங்க. தின்னுட்டுத் துப்புற கொட்டை ஒரு சிப்பாயோட உயிரைக் காப்பாத்துச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது தான், அது போர்க்கதையா இருந்தாலும்.

போர் முடிஞ்சதும் கரி ஆலைகள் வேற வேலை தேடுச்சு. இங்க தான் தண்ணி வருது.

1920-களின் கடைசியில சிகாகோ நகரத்துக் குழாய்த் தண்ணி மருந்து நாத்தம் அடிச்சுது. குடிக்க முடியல. பன்றிக்கறி பதப்படுத்துற ஆலைக்காரங்க, கறியே நாத்தமாகுதுன்னு கத்தினாங்க. காரணம் பீனால். நிலக்கரியைக் காத்துப் படாமச் சுட்டுக் கோக் ஆக்குற இடத்துல எல்லாம் கழிவா வர்ற பொருள் அது. அந்த மாதிரி ஆலைக் கழிவு ஏரித் தண்ணியில கலந்து, கிருமிக்குப் போடுற குளோரினோட சேர்ந்து குளோரோபீனாலா மாறுச்சு. அது நூறு கோடியில ஒண்ணு ரெண்டு பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிஞ்சிரும். கொதிக்க வச்சும் பிரயோஜனமில்லை. கரி அதைப் பிடிச்சு நிறுத்துச்சு. 1930ல மிச்சிகன் மாநிலத்து பே சிட்டியில தண்ணி முழுக்கக் கரிப் படுகை வழியா வடிகட்டி ஊருக்கு விட்டாங்க. அதே சமயத்துல நியூ ஜெர்சியில கரித்தூளைக் கலக்கி வடிகட்டுற முறையும் வந்துச்சு.

இந்தப் பீனாலைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

1974ல நெதர்லாந்துல ஜோஹன்னஸ் ரூக்ங்கிற வேதியியலாளர், ஆத்துத் தண்ணியில குளோரின் போட்டா குளோரோஃபார்ம் உண்டாகுதுன்னு காட்டினப்புறம் கரிக்கு இன்னும் கிராக்கி. இலங்கையில 1973லயே ஹேகார்ப் கம்பெனி தொட்டிக்கரியைப் பதப்படுத்தத் தொடங்கிருச்சு. நம்ம நாட்டுல சாதாரண ஜனங்களுக்கு இது உறைச்சது 2003ல. டெல்லியில இருக்கிற அறிவியல் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணியிலயும் கலர் பானத்துலயும் பூச்சிமருந்து இருக்குதுன்னு அறிக்கை விட்டுச்சே, ஞாபகம் இருக்குதுங்களா? கரைஞ்ச பூச்சிமருந்தைப் பிடிக்கிறதும் கரி தான். காட்டுல நாங்க அடிச்ச மருந்து நிலத்தடியில இறங்குது. அதை நீங்க குடிக்காம எங்க தோப்புத் தொட்டி மறிக்குது. ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில வாங்கற மாதிரி.

கரியால எல்லாம் முடியும்னு நினைச்சிராதீங்க. உப்பு அதுக்குப் பிடிபடாது. சவ்வு வச்ச மெஷின்ல உப்பை எடுக்கிறது சவ்வு. சவ்வைக் குளோரின் அரிச்சிராமக் காப்பாத்துறது முன்னாடி இருக்கிற கரி. இந்த விஷயம் தெரியாம எங்க கொங்கு நாட்டுல ஒரு காலத்துல நிறைய பேர் நம்பிக்கை வச்சாங்க. நொய்யல் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1992ல பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க. திருப்பூர்ச் சாயத் தண்ணி வந்து நின்னுச்சு. அதே 1992ல, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவரோட சேர்ந்தவங்களும், வீணாப் போற வாழைத்தண்டைக் காய வச்சுப் பொடியாக்கிப் போட்டா சாயம் ஒட்டிக்குதுன்னு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவுன்னு அவர் ஒண்ணொண்ணா எடுத்துச் சோதிச்சார். உலகம் முழுக்க இந்தத் துறையில அவர் கட்டுரைகளை எடுத்துக் காட்டுறாங்க. நார் ஆலை வாசல்ல மலை மாதிரிக் குவிஞ்சு கிடந்த தூளுக்கு ஒரு மரியாதை கிடைச்சதே அவங்க மாதிரி ஆளுங்களால தான்.

அப்புறம் ஏன் நொய்யல் தெளியல? பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பை அள்ளிக் கொட்டணும். வாழைத்தண்டு நிறத்தைப் பிடிக்கும், உப்பை விட்டுரும். தெளிஞ்ச உப்புத் தண்ணியும் பயிரைக் கொல்லத் தான் செய்யும். அதோட, சாயம் குடிச்ச தூளை எங்க கொண்டு போய்க் கொட்டுறதுன்னு ஒரு கேள்வி இருக்குது. கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டும் வெளிய விடாத முறைக்கு வந்தப்புறம் தான் திறக்க முடிஞ்சுது. அங்க வேலை செஞ்சது சவ்வும் ஆவியாக்குற கொப்பரையும்.

நெல் உமிக்கும் ஒரு பங்கு உண்டு. உமிக்கரியில பல் விளக்கின தலைமுறை நான். உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா. அதுவும் நுணுக்கமான பொந்து உள்ளது. புனேயில டாடா ஆராய்ச்சி மையத்துல அதை வச்சு வடிகட்டி செஞ்சாங்க. அதோட வெள்ளி நுண்துகளைச் சேர்த்து 2009 டிசம்பர்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள ஸ்வச்னு சந்தைக்கு வந்துச்சு. மின்சாரம் வேண்டாம், குழாய் வேண்டாம். நல்ல யோசனை. எங்க சாளையில ஒண்ணு ரொம்ப நாள் இருந்துச்சு.

சரி, எங்க ஊருக்கு வர்றேன்.

கொப்பரைக்கு எங்க பக்கம் தான் பேர். எங்கெங்கயோ இருந்து தேங்காய் லாரியில வந்து எங்க களத்துல காயும், வெயில் அப்படி. தொட்டியும் அதனால எங்க கிட்டயே சேரும். ஒரு டன் கரிக்கு மூணு நாலு டன் தொட்டி வேணும். அதைப் பதப்படுத்தினா மறுபடி மூணுல ஒரு பங்கு தான் தேறும். ஆக உங்க வீட்டு உருளைக்குள்ள போற ஒரு கிலோவுக்குப் பின்னாடி பத்து கிலோ தொட்டி எங்கயோ எரிஞ்சிருக்குது. அந்த மீதி ஒன்பது கிலோ எங்க போச்சு? கொஞ்சம் புகையாப் போச்சு. கொஞ்சம் தாராவும் தண்ணியாவும் மண்ணுல இறங்குச்சு.

கரி சுடுற விதம் இது தான். குழியில தொட்டியைப் போட்டுப் பத்த வச்சு, மேல மேலப் போட்டு, நல்லாப் பிடிச்சதும் தகரம் போட்டு மண்ணால மூடிருவாங்க. காத்தில்லாம வேகணும். மறுநாள் திறந்து, கங்கு அணையத் தண்ணியை அடிப்பாங்க. வெள்ளைப் புகை ஒரு பக்கம், கரிய தண்ணி ஒரு பக்கம். நிலக்கரியை மூடிச் சுட்டா என்ன வந்துச்சோ, தொட்டியை மூடிச் சுட்டாலும் அது தான் வருது. ஆமாங்க, பீனால். சிகாகோக்காரங்க எதைப் பிடிக்கக் கரியைத் தேடினாங்களோ, அந்தக் கரியைச் சுடுறப்ப அதே விஷம் எங்க மண்ணுல வடியுது.

எங்க ஊருக்கு மேற்கால ஒரு சூளை வந்துச்சு. பேரெல்லாம் வேண்டாம். முதல் ரெண்டு வருஷம் புகை மட்டும் தான். மூணாவது வருஷம் எங்க கிணத்துல மோட்டார் போட்டா முதல் பத்து நிமிஷம் காப்பித் தண்ணி மாதிரி வந்துச்சு. அம்மா ஒரு சொம்பு மோந்து மூக்குக்கிட்ட வச்சுட்டு, "ஏங்கண்ணு, அடுப்புப் பொகை வாசம் வருது"ன்னு சொல்லிக் கீழே ஊத்திருச்சு. மாடு குடிக்கல. பாட்டில்ல பிடிச்சுச் சோதனைக்குக் கொடுத்தோம். தாள்ல பீனாலிக் கூட்டுப்பொருட்கள்ங்கிற வரியில வரம்புக்கு மேலன்னு வந்துச்சு. குடிதண்ணிக்கு இந்தியத் தரத்துல வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 10 லட்சம் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம். எங்க கிணத்துல நல்ல வருஷத்துல நாலு லட்சம் லிட்டர் நிக்கும். அதைக் கெடுக்க அரை கிராம் கூடத் தேவையில்லை.

காங்கயம், வெள்ளகோவில் சுத்துப்பட்டுல இதுக்காக விவசாயிங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்ததும், சில சூளைகளுக்குப் பூட்டுப் போட்டதும் பத்திரிகையில படிச்சிருப்பீங்க. எங்க ஊர்லயும் மனுக் கொடுத்தோம். ஆனா மனுவுல கையெழுத்துப் போடுறப்ப எனக்குக் கை கொஞ்சம் கூசுச்சு. நானும் சின்னதா ஒரு களம் வச்சிருக்கிறவன். எங்க களத்துத் தொட்டியை வாரா வாரம் ஏத்திட்டுப் போற வண்டி அந்தச் சூளைக்குத் தான் போயிட்டு இருந்துச்சு. விலை நல்ல விலை. வேற எங்க போகும்னு நானும் கேட்டுக்கல.

மூடின சூளையில சுட்டு, வர்ற புகையையே எரிச்சுச் சூடாக்கிக்கலாம். அதுல கரன்ட் கூட எடுக்கலாம். தண்ணி அடிக்காம, காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஆற வைக்கலாம். இதெல்லாம் நடக்கிற காரியம், செய்யறவங்க இருக்காங்க. முதல் போடணும். குழி தோண்டக் கடப்பாரை போதும். வித்தியாசம் அவ்வளவு தான். வாங்குற கம்பெனி கரியோட தரத்தைச் சோதிக்குது. அது எந்தக் குழியில வெந்ததுன்னு கேட்கத் தொடங்கினா எங்க கிணத்துக்குத் தெரியும்.

சூளை இப்ப மூடிக் கிடக்குது. நானும் தொட்டியை மூடின சூளை வச்சிருக்கிற ஒருத்தருக்கு, விலை கொஞ்சம் குறைச்சலாத் தான், கொடுக்கிறேன். கிணத்துத் தண்ணி தென்னைக்குப் பாயுது, குடிக்க ஆகல. குடிக்கிறதுக்கு ஊருக்குள்ள போட்ட சுத்திகரிப்பு நிலையத்துல கேன் வாங்குறோம். போன வாரம் அங்க மூட்டை மாத்தினாங்கன்னு எட்டிப் பார்த்தேன். ஆள் உசரத்துக்கு ரெண்டு உருளை. ஒண்ணுல மணல், இன்னொண்ணுல குருணைக் கரி. ஒரு கை அள்ளிப் பார்த்தேன். தொட்டிக்கரி தான். அம்மாவுக்குக் காட்டலாம்னு கொஞ்சம் மடியில கட்டிட்டு வந்தேன். மோந்து பார்த்துட்டு, "வாசமே இல்லையே"ன்னுச்சு.